பதினேழு ஏ இருக்கைக்கு அடியில்

அந்த ஞாயிற்றுக்கிழமை குமரப்பன் வீட்டில் சாப்பிட்ட சாப்பாட்டை நினைத்தால் திலகவதிக்கு இன்றைக்கும் குமட்டும். சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை. கவுனி அரிசி இனிப்பு, வெண்டைக்காய் மண்டி, பலாக்காய்ப் பிரட்டல் என்று வாழையிலை நிறைய வைத்தார்கள். பக்கத்தில் நின்று இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று பரிமாறினார்கள். ருசித்துத்தான் சாப்பிட்டாள். சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்து மாடிக்குப் போனபோதுதான் எல்லாம் புரண்டுபோனது.

அவள் ஒன்பது வருஷமாக ஏர்போர்ட்டில் விமானத்தின் உள்ளே சுத்தம் செய்கிற வேலை பார்க்கிறாள். இதுவரை ஒரு தடவைகூட விமானத்தில் பறந்ததில்லை. கீரனூரிலிருந்து பஸ்ஸில் போவாள், ஷிஃப்ட் முடிந்ததும் பஸ்ஸில் திரும்புவாள். பயணிகள் இறங்கியதும் இவர்கள் ஆறு பேர் ஏறுவார்கள். நூற்றெண்பது இருக்கை, அரை மணி நேரம். இருக்கைக்கு முன்னால் உள்ள பைகளில் திணித்துவிட்டுப் போன குப்பையை எடுக்க வேண்டும், பெல்ட்டுகளைக் குறுக்காகப் போட்டு வைக்க வேண்டும், தரையைத் துடைத்துக் கழிவறையையும் கழுவிவிட்டு இறங்க வேண்டும். வாந்தி, குழந்தையின் டயாப்பர், கடித்துப் போட்ட கோழி எலும்பு எல்லாம் அவள் கைக்குப் பழகியவை. முகம் சுளித்தால் வேலை நடக்காது என்பதை முதல் வாரமே தெரிந்துகொண்டாள்.

ஆனால் விமானம் என்றால் அவளுக்கு உயிர். வால் பக்கம் எழுதியிருக்கும் எழுத்துகளைத் தேதி போட்டு ஒரு டைரியில் குறித்து வைப்பாள். கே-டி-ஆர் என்று முடியும் விமானத்தில் பின்பக்கக் கழிவறைக் கதவு இறுகும். பி-எல்-எம்மில் இருபத்திரண்டாம் வரிசை ஜன்னலில் ஒரு கீறல் உண்டு. ஒரே மாதிரி வெள்ளையாக வந்து நிற்கிற விமானங்களை அவள் வாசலில் கால் வைத்ததுமே எது எதென்று சொல்லிவிடுவாள்.

இந்தப் பைத்தியம் தனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தவளுக்கு ஒருநாள் பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் அருள்தாஸ் அறிமுகமானார். ஆலங்குடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் ஆசிரியர். கழுத்தில் நீளமான கேமராவோடு காம்பவுண்டுச் சுவரோரம் நின்று, இறங்குகிற விமானத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அவர் எடுத்த படத்தை எட்டிப் பார்த்து, அது எந்த விமானம், எத்தனை நாள் கழித்து வருகிறது என்று இவள் சொல்ல, அவர் அசந்துபோனார். அங்கேயே தன் வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டார். 'புதுகை விமான நண்பர்கள்' என்று பெயர். எழுபது பேர் இருந்தார்கள்.

அந்தக் குழு அவளுக்கு ஒரு தனி உலகமாக இருந்தது. ஆடிக் காற்றில் விமானம் நண்டு மாதிரி பக்கவாட்டில் சாய்ந்து இறங்குவதை ஒருவர் படம் பிடித்துப் போடுவார். விசிறி வைத்த சின்ன விமானத்தின் சத்தம் நல்லதா, ஜெட்டின் சத்தம் நல்லதா என்று மூன்று நாள் சண்டை நடக்கும். பொன்னமராவதியில் வீட்டிலிருந்தே பெங்களூர் கம்பெனிக்கு வேலை பார்க்கும் ராம் என்ற பையன், கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டுகிறவன், இறங்குவதற்கு முன் விமானி என்னென்ன பொத்தானைத் தொடுவார் என்று விளக்குவான். இவள் 'திலக்' என்ற பெயரில் இருந்தாள். அவ்வப்போது ஒரு தகவல் எழுதுவாள். ஏதோ இன்ஜினீயர் என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டார்கள். யாரும் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை.

குழுவை ஆரம்பித்தவர் குமரப்பன். திருமயத்துக்குப் பக்கத்தில் சொந்த ஊர், சென்னையிலும் மலேசியாவிலும் வியாபாரம். முந்நூறு தடவைக்கு மேல் பறந்தவர். ஒவ்வொரு பயணத்தைப் பற்றியும் குரல் பதிவு போடுவார். கதை சொல்வதில் கெட்டிக்காரர். மேகத்துக்குள் விமானம் குலுங்கியதை அவர் சொன்னால் கேட்கிறவர்களுக்கும் வயிறு கூசும். ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸில் வரும்போது காதில் மாட்டிக்கொண்டு அவர் குரலைக் கேட்பது திலகவதிக்கு வழக்கமாகியிருந்தது. ஆனியில் ஊர்த் திருவிழாவுக்கு வருகிறேன், எல்லாரும் வீட்டுக்கு வாங்க, ஒருநாள் முழுக்க விமானம் பேசுவோம் என்று அவர் கூப்பிட்டபோது, லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

பதினொரு பேர் வந்திருந்தார்கள். இவள் ஒருத்திதான் பெண். அருள்தாஸ் இவளை அறிமுகப்படுத்தி, இவங்கதான் நம்ம திலக் என்றார். குமரப்பனுக்கு ஆச்சரியம். எந்த டிபார்ட்மென்ட் என்று கேட்டார். க்ளீனிங் என்றாள். சோபாவில் அவளுக்காக நகர்ந்து இடம் விட்டவர் நகர்ந்தபடியே இன்னும் கொஞ்சம் நகர்ந்தார். குமரப்பன்தான் சமாளித்தார்.

"அப்ப நம்மளை எல்லாம் விட உள்ள அதிக நேரம் இருந்தவங்க நீங்கதாங்க. உக்காருங்க, உக்காருங்க."

அந்தச் சொல் அவளுக்கு நன்றாக இருந்தது. பேச்சு களைகட்டியது. பெரிய விமானம் நம்ம ஓடுதளத்தில் இறங்க முடியுமா என்று ஒருவர் ஆரம்பித்தார். முடியும், ஆனால் நிறுத்த இடமில்லை என்றான் ராம். இறங்கியிருக்கிறது என்று திலகவதி சொன்னாள். சென்னையில் மழை கொட்டி இறங்க முடியாமல் ஒருநாள் இங்கே திருப்பி விட்டார்கள். படிக்கட்டு எட்டவில்லை. நாலு மணி நேரம் பயணிகள் உள்ளேயே இருந்தார்கள். எரிபொருள் போட்டுக் கிளம்பியபோது மழை வாசனையோடு மண்ணெண்ணெய் வாசனையும் கலந்து அடித்தது, காலுக்கடியில் தரை அதிர்ந்தது என்று அவள் சொல்லச் சொல்ல, எல்லாரும் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்து கேட்டார்கள். வாழ்க்கையில் அவள் பேச்சை இத்தனை பேர் சேர்ந்து கேட்டதில்லை.

அதற்கப்புறம்தான் ஒருவர், உங்களுக்குத்தான் தெரியும், எந்த ஃபிளைட்டில் ஜனங்க ரொம்ப அசிங்கம் பண்ணுவாங்க என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அவள் பதில் சொல்வதற்குள் குமரப்பனே சொன்னார். கல்ஃப் ஃபிளைட்டில் ஏறினால் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டும், கொத்தனாரும் சித்தாளும்தானே வருகிறார்கள், கழிவறைக் கதவைத் திறக்கவே தெரியாது என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவளுடைய தம்பி அடைக்கலம் ஏழு வருஷமாக ரியாத்தில் கம்பி கட்டுகிறான். அதை அவள் சொல்லவில்லை.

"அசிங்கம் பண்றதுக்கு ஊரு, சீட்டு எதுவும் கெடையாதுண்ணே. முன் வரிசையில உக்காந்து வந்தவுக விட்டுட்டுப் போறதையும் நாங்கதான் அள்ளுறோம்."

அதற்கும் ஒரு சிரிப்பு வந்தது. பேச்சு வேறு பக்கம் போனது. அவளுக்கு உள்ளே லேசாக ஏதோ கசந்தது. ஆனாலும் விருந்துக்கு வந்த இடம் என்று விழுங்கிக்கொண்டாள்.

சாப்பாடு முடிந்ததும் குமரப்பன் எல்லாரையும் மாடிக்குக் கூட்டிப் போனார். ஓர் அறை முழுக்க அவர் சேர்த்து வைத்த பொருள்கள். கண்ணாடி அலமாரியில் விமானப் பொம்மைகள் வரிசையாக இருந்தன. அவை காசு கொடுத்து வாங்கியவை. மற்றவை அப்படி இல்லை. கம்பெனி முத்திரை போட்ட ஸ்பூன்கள், போர்வைகள், தலையணை உறைகள், இருக்கைப் பையில் வைத்திருக்கும் பாதுகாப்பு அட்டைகள் நூற்றுக்கு மேல், பருமனான பயணிகளுக்குத் தருகிற நீட்டிப்பு பெல்ட் நாலு, கழிவறைக் கதவிலிருந்து பிடுங்கிய புகைபிடிக்காதே தகடு ஒன்று. ஒவ்வொன்றிலும் நூல் கட்டி ஒரு சின்ன அட்டை தொங்கியது. அதில் தேதி, விமானத்தின் எழுத்து, இருக்கை எண் எல்லாம் அழகான கையெழுத்தில் இருந்தன.

திலகவதிக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. இந்த ஸ்பூன்களும் போர்வைகளும் குறைந்த நாட்களில் சூப்பர்வைசர் தங்கள் பைகளைக் கவிழ்த்துப் பார்த்தது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. போர்வையில் ஒன்றைத் தொட்டுப் பார்த்தாள். துவைத்து இஸ்திரி போட்டு மடித்திருந்தது.

சுவரின் நடுவில், தனியாக ஒரு கண்ணாடிச் சட்டத்துக்குள், மஞ்சள் நிற லைஃப் ஜாக்கெட் ஒன்று மாட்டியிருந்தது. விமானம் தண்ணீரில் இறங்க நேர்ந்தால் பயணி போட்டுக்கொள்வதற்காக ஒவ்வொரு இருக்கைக்கு அடியிலும் ஒரு பையில் இருக்குமே, அதுதான். எப்படிண்ணே எடுத்தீங்க என்று ராம் வாயைப் பிளந்தான். குமரப்பன் அதற்காகவே காத்திருந்தவர் போலச் சொல்ல ஆரம்பித்தார்.

கோலாலம்பூரிலிருந்து வரும்போது, விமானம் இறங்கும் நேரத்தில் போர்வையைக் காலில் போர்த்திக்கொண்டு, குனிந்து காலணி நாடாவைக் கட்டுவதுபோல உருவி எடுத்தாராம். பக்கத்தில் தூங்கிய கிழவிக்கே தெரியாதாம். கைப்பையில் அடியில் வைத்து மேலே துண்டைப் போட்டு வெளியே கொண்டுவந்துவிட்டாராம். கதையின் உச்சத்தை அவர் கடைசிக்கு வைத்திருந்தார்.

"கார்ல வந்துக்கிட்டு இருக்கேன். கீரனூர் தாண்டியாச்சு. போன்ல பிளேன் ஆப்பைப் பாக்குறேன், நான் வந்த பிளேன் கெளம்பவே இல்ல. ஒரு மணி நேரம் ஆச்சு, ஒன்றரை ஆச்சு, அங்கனயே நிக்கிது. எனக்குப் புரிஞ்சுபோச்சு. அம்புட்டுப் பேரும் இதைத்தான் தேடுறாய்ங்க. வீடு வர்ற வரைக்கும் சிரிச்சுக்கிட்டே வந்தேன்."

எல்லாரும் சிரித்தார்கள். ஒருவர் கை தட்டினார். திலகவதி சட்டத்துக்குப் பக்கத்தில் போய் அட்டையைப் படித்தாள். மூன்று வருஷத்துக்கு முந்தைய மாசி மாதத் தேதி. கே-டி-ஆர். பதினேழு ஏ.

அவளுக்கு அந்த அட்டையே தேவையில்லை. அந்த நாளை அவள் மறந்ததில்லை. அன்றைக்குப் பன்னிரண்டாம் வரிசையிலிருந்து இருபதாம் வரிசை வரை அழகியின் வேலை. அழகி இவளோடு வேலை பார்த்து, அதே பஸ்ஸில் வந்து போனவள். பதினேழு ஏ இருக்கைக்கு அடியில் பை திறந்து பட்டை தொங்குவதைப் பார்த்து, கையை விட்டுத் துழாவி, உள்ளே ஒன்றும் இல்லை என்று விமானப் பணிப்பெண்ணைக் கூப்பிட்டுச் சொன்னவளே அழகிதான். சொல்லாமல் விட்டிருந்தால் அன்றைக்கு யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். சொன்னவள் கையில்தான் இருக்கும் என்று முடிவு செய்தார்கள். ஆறு பேரையும் வெயிலில் நிற்க வைத்தார்கள். பிறகு ஒவ்வொருத்தியாகத் தடுப்புக்குப் பின்னால் கூட்டிப் போய்ச் சோதித்தார்கள். அழகியை மட்டும் மூன்று தடவை. மூன்றாவது தடவை வெளியே வந்தபோது அவள் ரவிக்கையின் கொக்கி மாறிப் போட்டிருந்தது. கான்ட்ராக்ட் கம்பெனிக்காரர் அவள் கழுத்திலிருந்த பாஸைக் கழற்றி வாங்கிக்கொண்டு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். ஊரில் பிளேனில் திருடியவள் என்று பெயராகிப்போனது.

சிரிப்புச் சத்தத்துக்கு நடுவில் திலகவதி இதையெல்லாம் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக நடந்ததை மட்டும் சொன்னாள். கொக்கி மாறியிருந்ததைச் சொல்லும்போது சிலர் கீழே பார்த்தார்கள்.

குமரப்பன் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அடடா. பாவம்தான். ஆனா அதுக்கு நான் என்னம்மா பண்ணுவேன்? சரியா விசாரிக்காம வேலையை விட்டு நிப்பாட்டுனது அவங்க தப்பு."

ராம் அதைப் பிடித்துக்கொண்டான். சிஸ்டம் சரியில்லை, ஒவ்வொரு ஜாக்கெட்டிலும் சிப் வைத்தால் இந்தப் பிரச்சினையே வராது, வெளிநாட்டில் அப்படித்தான் என்று ஆரம்பித்தான். இன்னொருவர் உண்மையிலேயே ஆர்வமாக, அந்தச் சிப் எவ்வளவு தூரத்துக்கு வேலை செய்யும் என்று கேட்டார். இரண்டு நிமிஷத்தில் பேச்சு மறுபடி விமானத்துக்குள் போய்விட்டது. அந்த இரண்டு நிமிஷத்தில்தான் திலகவதிக்கு வாயில் கவுனி அரிசியின் இனிப்பு புளித்தது.

"அண்ணே, ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க" என்றாள். "இன்ன தேதி, இன்ன சீட்டு, நான்தான் எடுத்தேன்னு. கையெழுத்துப் போட்டுக் குடுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

குமரப்பன் சிரித்தார். அப்படி எழுதிக் கொடுத்தால் பறக்கவே தடை போட்டுவிடுவார்கள், வியாபாரம் என்னாவது என்றார். பிறகு அவருக்கே ஒரு நல்ல யோசனை வந்ததுபோல முகம் மலர்ந்தது. இந்த வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, பெருக்கித் துடைக்க ஒரு பொம்பளை வேண்டும், அந்தப் பெண்ணை இங்கேயே வரச் சொல்லுங்களேன், மாதம் பிறந்தால் சம்பளம் என்றார். அவர் அதை மனதாரச் சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை. இந்த அறையைத் தூசி தட்டத்தானே அழகியைக் கூப்பிடுகிறார் என்று நினைத்தபோது அவளுக்கு உடம்பே கூசியது.

அவள் அருள்தாஸைப் பார்த்தாள். அவர் கேமராவின் மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார்.

"விருந்துக்கு வந்த எடத்துல வேணாம் திலகவதி" என்றார் மெல்ல. "பின்னால பேசித் தீத்துக்கலாம்."

திலகவதி போனை எடுத்து, அட்டை தெரிகிற மாதிரி ஜாக்கெட்டை இரண்டு படம் எடுத்தாள். குமரப்பனின் குரல் மாறியது. போனைக் கொடு என்று கை நீட்டினார். கொஞ்சம் முன்னால் வரை வாங்க, உக்காருங்க என்று இருந்தது இப்போது கொடு என்று ஆகியிருந்தது. அவள் போனை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு படியிறங்கினாள். யாரும் தடுக்கவில்லை. கூட வரவும் இல்லை.

வெளிக்கதவைத் தாண்டி ரோட்டுக்கு வந்தபோது, பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு குமரப்பனின் மனைவி லட்சுமி ஆச்சி வந்தார். கையில் ஒரு துணிப்பை. உள்ளே மஞ்சளாகத் தெரிந்தது. சட்டத்திலிருந்து கழற்றிக்கொண்டு வந்திருந்தார்.

"இதைக் கொண்டு போயிரும்மா. எனக்கு அப்பவே பிடிக்கல. வீட்டுல இருக்க வேணாம்."

திலகவதி இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நான் இதோட பஸ் ஏறுனா நான்தான் திருடி, ஆச்சி. எடுத்தவுக கையாலயே கொண்டுபோயிக் குடுக்கச் சொல்லுங்க."

ஆச்சி பையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். திருமயம் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில், ஒரு வேலிக்கருவைப் புதரோரம் திலகவதி சாப்பிட்டதையெல்லாம் வாந்தியெடுத்தாள். ஒன்பது வருஷத்தில் எத்தனையோ பேர் எடுத்ததை அள்ளியிருக்கிறாள். அவள் எடுத்தது அதுதான் முதல் தடவை. பாட்டில் தண்ணீரில் வாயைக் கொப்பளித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி மண்ணைத் தள்ளி மூடிவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.

மறுநாள் ஆதனக்கோட்டைக்குப் போனாள். அழகி அங்கே முந்திரி உடைக்கிறாள். வறுத்த கொட்டையைத் தட்டி, ஓட்டை நீக்கிப் பருப்பை எடுக்கிற வேலை. ஓட்டிலிருந்து கசிகிற எண்ணெய் பட்டால் கை வெந்துபோகும். மூன்று வருஷத்தில் அவள் உள்ளங்கை கறுத்துத் தடித்திருந்தது. திலகவதி சொன்னதை அவள் கொட்டையைத் தட்டிக்கொண்டே கேட்டாள். படத்தைக் காட்டியபோதுதான் கை நின்றது. நெருங்கிப் பார்த்துவிட்டு, கறுத்த விரலால் தொட்டுத் திரை அழுக்காகும் என்று கையை இழுத்துக்கொண்டாள்.

"நான் கைவிட்டப்பவே காலியாத்தான்டி இருந்துச்சு" என்றாள். "ஒருவேளை சரியாத் துழாவலையோ, பின்னால எங்கயும் விழுந்து கெடந்துச்சோன்னு எத்தனை நாளு நெனச்சிருக்கேன் தெரியுமா?"

இருவரும் சேர்ந்து கடிதம் எழுதினார்கள். படத்தோடு ஒன்றை விமானக் கம்பெனிக்கும் ஒன்றைக் கான்ட்ராக்ட் கம்பெனிக்கும் பதிவுத் தபாலில் அனுப்பினார்கள். அன்றைக்கு மாலை அருள்தாஸ் போன் செய்தார். நான் இப்படி நடக்கும் என்று எதிர்பார்க்கவில்லை, மனசு கஷ்டமாக இருக்கிறது என்று நிறைய பேசினார். கடைசியில், சாட்சி என்று என் பெயரை மட்டும் எங்கேயும் போட வேண்டாம், நான் அரசாங்க உத்தியோகத்தில் இருக்கிறவன் என்றார். திலகவதி, போடலைங்க சார் என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தாள். குழுவில் யாரோ, திலக் வேவு பார்க்க வந்த ஆள் என்று எழுதியிருந்தார்கள். கீழே பதினைந்து கட்டை விரல்கள். ராமின் கட்டை விரலும் அதில் இருந்தது. அவள் வெளியேறுவதற்கு முன்னால் அவர்களே நீக்கிவிட்டார்கள்.

கடிதம் வீண் போகவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். முதலில் கூப்பிட்டு விசாரித்தது திலகவதியைத்தான். பயணி வீட்டுக்கு நீ எதற்குப் போனாய், விமானம் வந்து போகும் தகவலை வெளியே எழுத யார் அனுமதி கொடுத்தார்கள் என்று கேட்டு, இனிமேல் செய்ய மாட்டேன் என்று எழுதி வாங்கினார்கள். டைரியையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அது திரும்பி வரவில்லை. பிறகு குமரப்பனுக்குக் கடிதம் போனது. அவர் வக்கீல் மூலமாகப் பதில் அனுப்பினார். இறங்குகிற அவசரத்தில் தவறுதலாகக் கைப்பையில் வந்துவிட்டது, பிறகு கவனித்துப் பத்திரமாகப் பாதுகாத்து வைத்திருந்தேன், இப்போது திருப்பி ஒப்படைக்கிறேன் என்று. அதை ஏற்றுக்கொண்டார்கள். அழகிக்கு ஒரு தாள் வந்தது. அவர்மீது தவறு இல்லை என்று தெரியவருகிறது, விரும்பினால் மீண்டும் பணிக்கு விண்ணப்பிக்கலாம் என்று இரண்டு வரி.

அழகி நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்தாள். திலகவதிதான் கூட்டிப் போனாள். போலீஸ் விசாரணைத் தாள், ஆதார் எல்லாம் சரியாக இருந்தன. பாஸுக்குக் கைரேகை வைக்கச் சொன்னார்கள். கண்ணாடியில் விரலை வைத்தாள். மெஷின் சிவப்பு விளக்கைக் காட்டியது. துடைத்துவிட்டு வைத்தாள். பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தாள். முந்திரி எண்ணெய் ரேகை எல்லாவற்றையும் தின்றிருந்தது. மேஜைக்குப் பின்னால் இருந்தவர் நல்ல மனுஷன்தான். அந்த வேலையை நிறுத்திவிட்டு இரண்டு மூன்று மாதம் கழித்து வாம்மா, தோல் வளர்ந்துவிடும் என்றார். மூன்று மாதம் வேலையை நிறுத்திவிட்டு என்னத்தைச் சாப்பிடுவது என்று அவரிடம் கேட்க முடியாது. அழகி எழுந்து வந்து, அடுத்த பஸ்ஸில் ஆதனக்கோட்டைக்கே போய்விட்டாள். அந்த இரண்டு வரித் தாளை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

கார்த்திகையில் ஒருநாள் காலை, திலகவதியும் மற்ற ஐந்து பேரும் விமானத்தின் வாசலுக்கு வெளியே வாளியோடும் துடைப்பத்தோடும் காத்து நின்றார்கள். பயணிகள் ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். முதல் ஆட்களிலேயே குமரப்பன் வந்தார். இவளைப் பார்த்ததும் நின்றார். பழைய சிரிப்பு அப்படியே இருந்தது.

"நல்லா இருக்கீங்களா? பழசெல்லாம் விடுங்க. நம்ம குரூப்பு ஒங்க தகவல் இல்லாம டல்லடிக்கிது. மறுபடி சேத்துவிடச் சொல்லவா?"

தோளைத் தட்டிக் கொடுப்பதுபோலக் கையைக் கொண்டுவந்தார். திலகவதி ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். அவர் கை அவள் மேல் படாமல் இறங்கியது. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பின்னால் வந்தவர்களுக்கு வழி விட்டு, பெட்டியை உருட்டிக்கொண்டு போனார்.

உள்ளே போனதும், அவர் எந்த இருக்கையில் வந்தார் என்று பார்க்க அவளிடம் பயணிகள் பட்டியல் இல்லை. அது அவள் கைக்கு வராது. முதல் வரிசையிலிருந்து தொடங்கினாள். ஒவ்வொரு இருக்கையிலும் குனிந்து அடியில் கைவிட்டுப் பார்த்தாள், முன்பையைத் திறந்து பார்த்தாள். நாலாம் வரிசையில் ஜன்னலோர இருக்கையின் பையில் பாதுகாப்பு அட்டை இல்லை. குப்பை எதுவும் இல்லாமல் துடைத்துவிட்ட மாதிரி காலியாக இருந்தது. வாந்தி வரவில்லை. காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. விமானத்துக்குள் துப்ப முடியாது.

விமானப் பணிப்பெண்ணைக் கூப்பிட்டாள். சின்னப் பெண், அன்புமொழி என்று நெஞ்சில் பெயர் போட்டிருந்தது. நாலு ஏ-யில் கார்டு இல்லை என்று சொன்னாள். அந்தப் பெண் சரிக்கா என்று தலையாட்டிவிட்டுத் திரும்பினாள்.

"சரின்னு போயிராதீங்க பாப்பா. நான் ஏறுறதுக்கு முன்னாடியே இல்லைன்னு எழுதுங்க. மணியும் போட்டுக் கையெழுத்துப் போடுங்க."

அட்டைதானே அக்கா, வேறு வைத்துவிடலாம் என்றாள் அன்புமொழி. திலகவதி துடைப்பத்தை இருக்கைமேல் சாய்த்து வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பின்னால் ஐந்து பேரும் வேலையை நிறுத்திப் பார்த்தார்கள். இருபத்தைந்து நிமிஷத்தில் அடுத்த பயணிகள் ஏற வேண்டும். அந்தப் பெண் அவள் முகத்தைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தாள். எழுதி முடித்துக் கையெழுத்துப் போடும்வரை திலகவதி அடுத்த இருக்கையைத் தொடவில்லை.